டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தானே?

ப: இல்லை. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் பட்டம் வாங்கிய 1886-ல்தான் இவர் புதுக்கோட்டையில் பிறக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். "முதல்" என்று எழுதுவதற்கு முன்னால் எதில் முதல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் என்றால் சரி.

கே: ஆண்கள் கல்லூரியில் எப்படிச் சேர்த்தார்கள்?

ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர், அதாவது தேவதாசிகள் வந்த சமூகம். அப்பா நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் இருந்தவர். பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஊரில் ஒரே எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பிறகுதான் மகாராஜா கல்லூரிக் கதவு திறந்தது. அதுவும் எப்படி? மூடிய வண்டியில் வர வேண்டும், வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். அங்கிருந்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு. அங்கே அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர் பெண்களைத் தன் வகுப்பில் உட்காரவே விடவில்லை. அந்தப் பாடத்தில் இவர் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் மனிதர் இறங்கி வந்தார். 1912-ல் பட்டம்.

கே: ஜெமினி கணேசனுக்கு உறவா?

ப: அத்தை. அடுத்தது.

கே: முதல் பெண் டாக்டர் என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

ப: முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

கே: தேவதாசி ஒழிப்பால், பரதநாட்டியத்துக்கு முன்னோடியான சதிர்க் கலையையே அழித்தவர் என்கிறார்களே?

ப: மருத்துவர் வாழ்க்கையைக் கேட்கச் சொன்னேன், சண்டை இங்கே வந்து நிற்கிறது! சரி. 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தபோது தேவதாசிகளே எதிர்த்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். பிழைப்பும் சொத்தும் போகும் என்ற அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதைக் கலையின் பேரால் விட்டுவைக்க முடியாது. நான் முத்துலட்சுமி பக்கம்தான்.

கே: தேவதாசி முறையை ஆதரித்ததாகச் சொல்லப்படும் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குச் சட்டமன்றத்தில் இவர் கொடுத்ததாகச் சொல்லும் பதிலடி...

ப: மேடைக்கு மேடை மாறும் வசனம் அது. சட்டமன்றக் குறிப்பைக் காட்டாமல் அதை இங்கே ஒட்ட வேண்டாம்.

கே: அதே சத்தியமூர்த்தி விஷயம்தான்...

ப: வேண்டாம் என்றேனே.

கே: அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது ஏன்?

ப: தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனை முப்பது வருடம் ஆறவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். அப்போது இவருக்கு வயது 67. அறுவை சிகிச்சைக்கு மகன் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். சாந்தா கடைசி வரை அங்கேயே இருந்தார். சட்டமன்றப் பேச்சுகளைவிட எனக்கு இதுதான் பெரிது. புற்றுநோய் என்றாலே சாவு என்று ஊரே கைவிட்ட காலம் அது.

கே: என் சித்திக்கு மார்பில் சின்னக் கட்டி, வலியில்லை. விடலாமா?

ப: விடாதீர்கள். நான் வரலாறு படிப்பவன், டாக்டர் இல்லை. வலியில்லை என்று தள்ளிப்போடாமல் நாளைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.