இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபேன் சுவிட்சை நாமே மாற்றலாமா?

கேள்வி: படுக்கையறை ஃபேன் சுவிட்சை இரண்டு மூன்று முறை தட்டினால்தான் ஃபேன் ஓடுகிறது. போடும்போது பொரிகிற மாதிரி சத்தமும் வருகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை நிறுத்திவிட்டு நானே புது சுவிட்ச் போடலாமா?

போடலாம். ஆனால் மெயினை மட்டும் நிறுத்திவிட்டுக் கை வைத்துவிடாதீர்கள். கரண்ட் போனாலும் உங்கள் ஃபேன் ஓடுகிறது அல்லவா? நீங்கள் மெயினை இறக்குவதும் கரண்ட் போவதும் இன்வெர்ட்டருக்கு ஒன்றுதான். இறக்கிய கையோடு அது பேட்டரியிலிருந்து ஷாக் அடிக்கும் அளவு கரண்ட்டை அந்த சுவிட்சுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இப்படித்தான் அடி வாங்கினேன். ஸ்டூலிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு பிசகி ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை.

சரி, இன்வெர்ட்டரை மட்டும் ஆஃப் செய்தால்? அதுவும் போதாது. பல இன்வெர்ட்டர்களில் முன்பக்கப் பொத்தானை அணைத்தாலும், மெயினிலிருந்து வரும் கரண்ட் அதன் வழியே அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கும். அதனால் இரண்டையும் நிறுத்துங்கள். முதலில் இன்வெர்ட்டர் பொத்தான், அடுத்து மெயின், அப்புறம் இன்வெர்ட்டரின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். நிறுத்துவதற்கு முன்பே, கரண்ட் வரும் ஒரு பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழுதான டெஸ்டர் எரியாததை நம்பி வயரைத் தொட்டால் ஆபத்து. போர்டைத் திறந்ததும் ஃபேன் சுவிட்சை மட்டுமல்லாமல் எல்லா ஸ்க்ரூவிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். ஒரே போர்டுக்கு இரண்டு லைன் வருவது நம் வீடுகளில் சாதாரணம்.

இனி, கோளாறு சுவிட்சில்தானா? ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கண்டென்சர், அதாவது ஃபேனைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டர். சில எண்களில் மட்டும் ஓடினால் ரெகுலேட்டர். தட்டத் தட்ட வருகிறது, பொரிகிறது என்றால் சுவிட்ச்தான். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட். அது இழுப்பது ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். 6 ஆம்பியர் சுவிட்சுக்கு இது சுமையே இல்லை. அப்படியும் கருகுகிறது என்றால், உள்ளே தொடும் பட்டை தேய்ந்திருக்க வேண்டும் அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ மட்டும் தளர்ந்து, பிளாஸ்டிக் பழுப்பேறாமல் இருந்தால், இறுக்கிப் பாருங்கள். புது சுவிட்ச் தேவைப்படாமலே போகலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் கடைக்குப் பழைய சுவிட்சையே எடுத்துப் போங்கள். 6 ஆம்பியர், ஒன் வே, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகக் கேளுங்கள். மாடுலர் சுவிட்ச் என்றால் அதே கம்பெனி, அதே மாடல்தான் வேண்டும். ஒரு கம்பெனியின் சுவிட்ச் இன்னொன்றின் பிளேட்டில் பெரும்பாலும் உட்காராது.

வயரைக் கழற்றுவதற்கு முன் மொபைலில் போட்டோ எடுங்கள். சுவிட்சில் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்றில் ஒற்றை வயர், அது ரெகுலேட்டருக்கோ ஃபேனுக்கோ போவது. இன்னொன்றில் இரண்டு வயர்கள் சேர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். பக்கத்து சுவிட்சுக்கு பேஸை, அதாவது கரண்ட் வரும் லைனை, கொண்டுபோகும் லூப் அது. இரண்டையும் பழையபடி ஒரே முனையில் சேர்த்து மாட்டுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்த லைட் எரியாது. கரண்ட் உள்ள முனை போர்டுக்குள் தொங்கிக்கொண்டும் இருக்கலாம்.

கறுத்த செம்பை வெட்டிவிட்டு, சுமார் ஒரு சென்டிமீட்டர் உறையைச் சீவி, இழைகளை முறுக்கி உள்ளே விட்டு இறுக்குங்கள். உறை ஸ்க்ரூவுக்கு அடியில் சிக்கக் கூடாது. இறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள், அசையவே கூடாது. வெட்டியதில் வயர் எட்டவில்லை என்றாலோ, பழைய வீட்டில் அலுமினிய வயர் தென்பட்டாலோ, சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரில், போடப்பட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பிளேட்டை மூடி ஸ்க்ரூ போட்ட பிறகே மெயினைப் போடுங்கள். ஃபேனை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, உலர்ந்த புறங்கையை சுவிட்சின் மேல் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்திவிட்டு அதே ஸ்க்ரூக்களைத் திரும்ப இறுக்குங்கள்.