கனரக பிக்அப்புக்குக் குளிர்கால டயர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒன்ராறியோவில் டயர் கடையில் வேலை செய்பவன் என்பதால், இலையுதிர் காலம் தொடங்கியதுமே என்னிடம் கேள்விகள் குவிந்துவிடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, சில்வராடோ ஹெச்டி போன்ற முக்கால் டன், ஒரு டன் வண்டிகளைப் பற்றியவை (இவை சுமக்கும் திறனை வைத்து வந்த பழைய வகைப் பெயர்கள், வண்டியின் எடை அல்ல). காருக்கு டயர் வாங்கும் கணக்கு இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. அதனால்தான் முதல் பதில் நீண்டுவிட்டது.

பிராம்டனிலிருந்து: அண்ணா, கட்டட வேலைக்கு ராம் 2500 டீசல் வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் தன் எஸ்யூவியில் போட்டிருந்த ஸ்நோ டயர்களை மலிவாகத் தருகிறார். ரிம்மின் விட்டம் ஒன்றுதான். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். டயர் அளவு, காற்றழுத்தம், முன் அச்சும் பின் அச்சும் தாங்கக்கூடிய எடை எல்லாம் அதில் இருக்கும். டயர் அளவுக்கு முன்னால் 'எல்.டி.' (லைட் டிரக், அதாவது இலகுரக லாரி) என்ற எழுத்துகள் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் 'லோட் ரேஞ்ச் இ' என்ற சுமைத் தரம் இருக்கும். பழைய வழக்கில் இதுதான் பத்துப் பிளை (அடுக்கு) டயர், 80 பி.எஸ்.ஐ. வரை காற்று தாங்கும்.

உங்கள் வண்டிக்கு வழக்கமாக வரும் 275/70ஆர்18 (275 மில்லிமீற்றர் அகலம், 18 அங்குல ரிம்) அளவில் 125/122 என்று ஒரு சுமைக் குறியீடு இருக்கும். 125 என்றால் ஒரு டயர் 1650 கிலோ சுமக்கும் என்று பொருள். எஸ்யூவி டயரில் 116 என்று இருந்தால் அதன் சுமை 1250 கிலோ. அதையும் பிக்அப்பில் போடும்போது 1.1 ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆக, ஏறத்தாழ 1136 கிலோ. இரண்டு டயருக்கும் சேர்த்து 2270 கிலோ. உங்கள் பின் அச்சோ 2700 கிலோ அளவுக்குச் சுமக்கக் கட்டப்பட்டது. சீமெந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது அந்த டயர் உள்ளுக்குள் சூடேறிக் கிழியும். வெளியே உறைகுளிராக இருக்கிறதே என்று அது பொறுத்துக்கொள்ளாது. முன்னாலும் நிலைமை அதுதான்: அந்த டீசல் எஞ்சின் மட்டுமே கிட்டத்தட்ட அரை டன் எடை.

எனவே முதலில் சுமைக் குறியீடு, அதன் பிறகுதான் பனியில் பிடிப்பு, விலை எல்லாம்.

ஸ்காபரோவிலிருந்து: நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது, வண்டியும் மூன்று டன்னுக்கு மேல் கனம். இதற்குமா ஸ்நோ டயர்?

நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. கனம் கூடக் கூட நிறுத்துவதற்கு உறிஞ்ச வேண்டிய ஆற்றலும் கூடுகிறது. பின்னாலுள்ள சுமைப் பெட்டி காலியாக இருந்தால் பின் சக்கரங்களின் மேல் எடை குறைவு, வளைவில் முதலில் விலகிப்போவது பின்பக்கம்தான். சிவப்பு விளக்கில் முன்னால் நிற்பது சிறிய காராக இருந்தால் அதிலிருப்பவர்களின் கதி என்ன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பாரியிலிருந்து: என் டயரில் எம்+எஸ் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் மலை படம் போட்டதை வாங்கு என்கிறார். என்ன வித்தியாசம்?

எம்+எஸ் (மட் அண்ட் ஸ்நோ, அதாவது சேறும் பனியும்) என்பது டயரின் பள்ளங்கள் அமைந்திருக்கும் விதத்தைப் பற்றியது. பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்று அல்ல. மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் பனித்துகள் என்ற குறி 1999இல் வந்தது. அமுங்கிய பனியில் இழுத்துப் பார்த்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் பிடிப்பு காட்டினால்தான் அந்தக் குறி கிடைக்கும்.

ஆனால் அந்தச் சோதனை பனியில் இழுக்கும் திறனைப் பார்க்கிறது. பனிக்கட்டியின் மேல் பிரேக் பிடிப்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே ஆல் டெரெயின் (எல்லாவகை நிலத்துக்குமான) டயர்கள் சிலவற்றிலும் அந்தக் குறி உண்டு, பிஎஃப் குட்ரிச் கேஓ2 போல. புதுப்பனியில் அவை நன்றாகவே போகும். வழுக்கும் கண்ணாடிப் பனிக்கட்டியில் உண்மையான குளிர்கால டயருக்கு ஈடாகா. காரணம் ரப்பர். ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகத் தொடங்கும், குளிர்கால ரப்பர் இளக்கமாகவே இருக்கும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிறகு பட்டன்களின், அதாவது பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர் கட்டைகளின், மேற்பரப்பைப் பாருங்கள். குளிர்கால டயரில் ஒவ்வொரு பட்டனிலும் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருக்கும். வண்டியின் கனத்தில் அந்தக் கீறல்கள் விரிந்து, பனிக்கட்டியின் மேலுள்ள நீர்ப்படலத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். கீறல்கள் அரிதாக, பட்டன்கள் கட்டை கட்டையாக இருக்கும் சேற்று டயர் பார்வைக்கு எவ்வளவு முரடாக இருந்தாலும் பனிக்கட்டியில் பயன்படாது.

ஃபோர்ட் மக்மரியிலிருந்து: 63ஆம் நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டம். ஆணி பதித்த டயர் நல்லதா, ஆணி இல்லாததா?

அல்பேர்ட்டாவில் ஆணி டயருக்குத் தடை இல்லை. ஒன்ராறியோவிலோ வடக்குப் பகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

ஆணி நன்றாக வேலை செய்வது பூச்சியத்துக்குப் பக்கத்தில், பனிக்கட்டி ஈரமாக இருக்கும்போது. மைனஸ் 30இல் பனிக்கட்டி கல்லாக இறுகிவிடும். ஆணி அதில் ஆழமாக இறங்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்.டி. டயர்கள் கனம் சுமக்க வேண்டியிருப்பதால் அவற்றின் ரப்பர் கார் டயர் அளவுக்கு மென்மையாக இருப்பதில்லை. அதனால் கனரக வண்டிக்கு ஆணியால் கிடைக்கும் நன்மை காரைவிடக் கூடுதல் என்பது என் கருத்து. தார்ச்சாலை பெரும்பாலும் துடைத்திருக்கும் பாதை என்றால் ஆணி இல்லாத பிளிஸாக் எல்.டி. போன்றது போதும். வேலைத்தளத்துக்குள் உருகி உறையும் மண்பாதைகளில் போகிறீர்கள் என்றால் ஆணி பதியுங்கள். ஹக்கபெலிட்டா எல்.டி.3, வின்டர்ஃபோர்ஸ் எல்.டி., கிராபர் ஆர்க்டிக் எல்.டி. எல்லாம் ஆணி ஏற்கும் டயர்கள். புது டயரில்தான் ஆணி பதிக்க வேண்டும், ஓடித் தேய்ந்த டயரில் பதித்தால் நிற்காது. பதித்த பிறகு முதல் சில நூறு கிலோமீற்றர் வேகமாகக் கிளப்பாமலும் சட்டென்று பிரேக் பிடிக்காமலும் ஓட்டுங்கள்.

உலகின் முதல் குளிர்கால டயரே லாரிக்காகச் செய்யப்பட்டதுதான். 1934இல் ஃபின்லாந்தில், இன்று நோக்கியன் என்று அறியப்படும் நிறுவனம் செய்தது.

சட்பரியிலிருந்து: 20 அங்குல ரிம், 285 அகல டயர். குளிர்காலத்துக்கும் அதே அளவா?

உங்கள் பிரேக் அமைப்புக்கு 18 அங்குல ரிம் பொருந்துமானால் அதற்கு இறங்குங்கள். 285/60ஆர்20க்குப் பதில் 275/70ஆர்18 போட்டால் மொத்த உயரத்தில் 8 மில்லிமீற்றர்தான் வேறுபாடு, வேகமானி பொய் சொல்லாது. பக்கச் சுவர் 21 மில்லிமீற்றர் கூடுகிறது. குளிர்காலக் குழிகளில் ரிம் தப்பும். அகலம் குறைந்த டயர் ஆழமான பனியை வெட்டி இறங்கும், அகன்றது அதன் மேல் மிதக்கப் பார்க்கும். விலையும் பொதுவாகக் குறைவு. தனி ரிம்மில் போட்டு வைத்தால் ஆண்டுக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டும் செலவும் சேதமும் இல்லை.

மிசிசாகாவிலிருந்து: ஐயா, பெட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் ஆடுகிறது. மணல் மூட்டை போடலாமா? காற்று எவ்வளவு வைப்பது?

போடலாம். சரியாகப் பின் அச்சுக்கு மேலே வைத்து, நகராதபடி இறுகக் கட்டுங்கள். பின்கதவை ஒட்டி வைத்தால் முன்பக்கம் தூக்கி ஸ்டீயரிங் இலகுவாகிவிடும். கட்டாமல் விட்டால் மோதலின்போது அந்த மூட்டை பாய்ந்து வரும்.

காற்று விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வெப்பநிலை 10 ஃபாரன்ஹீட், அதாவது ஐந்தரை செல்சியஸ் குறைந்தால் ஒரு பி.எஸ்.ஐ. குறையும் என்பது கார் டயருக்கான கணக்கு. அழுத்தம் கூடிய டயரில் இழப்பும் கூடும். 80 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் அதே குளிருக்கு இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கும். 20 பாகை கதகதப்பில் 80 வைத்துவிட்டு வெளியே மைனஸ் 20இல் வண்டியை இரவு முழுக்க நிறுத்தினால் காலையில் 67தான் இருக்கும். அந்த நிலையில் முழுச் சுமை ஏற்றக் கூடாது. வெளியே, டயர் குளிர்ந்திருக்கும்போது அளவெடுத்து, கதவுத் தாளில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். சில வண்டிகளுக்குக் காலிப் பெட்டிக்கென்று தனி அழுத்தம் கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் காலியாக ஓடும் நாட்களில் அதைப் பின்பற்றுங்கள், பின்பக்கம் நன்றாக அடங்கும். இல்லையென்றால் மனம்போனபடி குறைக்காதீர்கள்.

லண்டன், ஒன்ராறியோவிலிருந்து: பின்னால் இரட்டைச் சக்கரம். ஆறும் வாங்க வேண்டுமா?

ஆறும்தான். இரட்டைச் சக்கரத்துக்கு 125/122 என்பதில் இரண்டாவது எண் பொருந்தும், அதாவது டயருக்கு 1500 கிலோ. உள் டயரும் வெளி டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே அழுத்தம் கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உயரமான டயர் மற்றதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். இரண்டுக்கும் நடுவில் பனிக்கட்டி இறுகி நிற்கும், புறப்படும் முன் குனிந்து பார்த்துத் தட்டிவிடுங்கள்.

மொன்றியலிலிருந்தும் வான்கூவரிலிருந்தும்: சட்டம் என்ன?

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல், மலைப்பாதைகளில் ஏப்ரல் 30 வரை. அங்கே எம்+எஸ் குறியும் 3.5 மில்லிமீற்றர் ஆழமும் சட்டத்துக்குப் போதும். கோக்கிஹாலா மலைப்பாதைக்கு அது போதாது என்பேன். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அஜாக்ஸிலிருந்து: பழைய டயர் வாங்கினால் எதைப் பார்ப்பது?

டயரின் பக்கச் சுவரில் உள்ள டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். 3623 என்றால் 2023ஆம் ஆண்டின் 36ஆவது வாரம் செய்தது. பிறகு ஆழம்: 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்ட டயர் பனிச் சாலைக்கு ஆகாது. ஐந்துக்கு மேல் இல்லாததை நான் வாங்க மாட்டேன்.

மார்க்கத்திலிருந்து: பின்னால் இரண்டு மட்டும் போட்டால்?

கூடாது. ஸ்டீயரிங்கும் பிரேக் பிடிப்பின் பெரும்பகுதியும் முன் டயர்களை நம்பியிருக்கின்றன.

விட்பியிலிருந்து: மாட்டிய பிறகு கவனிக்க வேண்டியது ஏதாவது?

ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள எட்டு நட்டுகளையும் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) இறுக்க வேண்டும். காற்றழுத்தத்தால் நட்டு இறுக்கும் துப்பாக்கியோடு விட்டுவிடக் கூடாது. 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் கடைக்குத் திரும்பி வந்து மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள், இதற்குப் பெரும்பாலான கடைகளில் பணம் வாங்குவதில்லை. வசந்தத்தில் பகல் வெப்பம் 7 பாகைக்கு மேல் நிலைத்ததும் கழற்றிவிடுங்கள். மே மாதத்தில் சுமையோடு ஓட்டினால் அந்த இளகிய ரப்பர் கரைந்துபோகும்.