தாத்தா பெயரில் பட்டா, பேரன் கையில் லேஅவுட் வரைபடம்

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து ரோட்டு வழியாக 5 கி.மீ. தள்ளி எங்கள் ஊர். தாத்தா 1968-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் 12 ஏக்கர் புஞ்சை வாங்கி மாஞ்செடி வைத்தார். அப்பா காலத்தில் அக்கம்பக்கத்துத் தோப்புகளையும் குத்தகைக்குப் பிடித்து மண்டி தொடங்கினோம். பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. 2025 சீசனில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூட விலை கட்டவில்லை. சிவில் இன்ஜினியரிங் முடித்த என் மகன், ரோட்டை ஒட்டிய 4 ஏக்கரை நாமே மனை பிரித்து விற்கலாம் என்கிறான். 1,74,240 சதுர அடி, அடி 700 ரூபாய் என்றால் 12 கோடி, செலவு 1.10 கோடி. அந்தச் செலவுக்கு மீதி 8 ஏக்கரை அடமானம் வைக்கலாம் என்பது அவன் யோசனை. ஒரு புரமோட்டர் கூட்டாகச் செய்யலாம், மனையில் 55 சதவீதம் உங்களுக்கு என்கிறார். இன்னொருவர் ஏக்கர் 80 லட்சத்துக்கு அப்படியே கேட்கிறார். எது லாபம்? தங்கைக்கு 2001-ல் 40 பவுன் போட்டுக் கல்யாணம் செய்துவிட்டோம். அவளுக்கும் பங்கு உண்டா? தாத்தா 1996-லும் பாட்டி 2009-லும் தவறிவிட்டார்கள். உயில் இல்லை, பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். அப்பாவுக்கு இரண்டு தங்கைகள், ஒருவர் பாலக்கோட்டில், ஒருவர் பெங்களூரில். எங்களுக்கு அனுசரணையானவர்கள். தம்பி அவசரப்பட்டு ஆறு சொந்தக்காரர்களிடம் தலா ஒரு லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கிவிட்டான்.

பதில்: நீங்கள் தங்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் அத்தைகளைப் பற்றித்தான் கவலை. கடிதத்தில் அவர்கள் போகிற போக்கில் ஒரு வரியில் வருகிறார்கள். சட்டப்படி அந்த நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது.

எப்படி என்கிறீர்களா? தாத்தாவின் சுயார்ஜித சொத்து, உயில் இல்லை. அப்படியானால் 1996-ல் பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள் என்று நாலு பேருக்குச் சம பங்கு. பாட்டியும் உயில் எழுதாமல் போனதால் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்குப் பிரியும். ஆக இன்று ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் பங்கு 12-ல் 4 ஏக்கர். இதைச் சொன்னதும் “அதுதான் ரோட்டோரத்து 4 ஏக்கர்” என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். அது நடக்காது. ரோட்டோரத்து ஒரு ஏக்கரும் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஏக்கரும் ஒரே விலையா? பாகம் பிரிப்பது பரப்பை வைத்து அல்ல, மதிப்பை வைத்து.

முப்பது வருஷமாக நாம்தானே உழுது, மருந்தடித்து, தண்ணீர் பாய்ச்சுகிறோம் என்று நினைக்கலாம். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது மற்றவர்களுக்காகவும் அனுபவிப்பதாகத்தான் கோர்ட் பொதுவாகப் பார்க்கும். அனுசரணையான அத்தைகள் அனுசரணையாகவே இருக்கட்டும். ஆனால் நாளை மனை வாங்க வருகிறவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல், வாரிசுச் சான்றில் அவர்கள் பெயரைப் பார்த்ததும் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஓசூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மனை எல்லைக்கு மஞ்சள் கல் நட்ட பிறகுதான் ஒரு அத்தையின் மகன் வழக்குப் போட்டார். கல்லைச் சுற்றி இப்போது சீமைக்கருவேலம் வளர்ந்து நிற்கிறது.

தங்கை விஷயம் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. அப்பாவுக்கு வந்திருப்பது வாரிசாக வந்த அவருடைய தனிச்சொத்து. அவர் உயிரோடு இருக்கும்வரை அதில் தங்கைக்கும் பங்கில்லை, உங்களுக்கும் தம்பிக்கும் பங்கில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம், பிறப்பிலேயே பெண்ணுக்கு உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. ஆனால் அப்பா உயில் எழுதாமல் போய்விட்டால் அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நாலு பேரும் சமம். 40 பவுன் போட்டது அந்தக் கணக்கில் சேராது. அப்பா தெளிவாக இருக்கும்போதே உயிலோ செட்டில்மென்டோ எழுதிவிடட்டும். தங்கைக்கு என்ன என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

வாரிசுச் சான்று, கூட்டுப் பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், பிறகு உட்பிரிவு செய்து தனிப் பட்டா. வரிசை இதுதான். குடும்பத்துக்குள் பாகம் பிரித்தால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதுவும் ஒரு பங்குக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக்கட்டணம் பங்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். பாகப்பிரிவினைக்கு வருமான வரி கிடையாது. ரோட்டோரம் முழுவதும் உங்களுக்கு வேண்டுமென்றால் உள்பக்கத்து 8 ஏக்கரை அத்தைகளுக்கு விட்டு, மேலே ஒரு தொகையும் கொடுக்க வேண்டியிருக்கும். அல்லது மூன்று பேருமே மனைத் திட்டத்தில் பங்காளிகள் ஆகலாம். எனக்கு இரண்டாவது வழி பிடித்திருக்கிறது. பணம் புரட்ட வேண்டாம், வழக்குப் போடவும் ஆள் இருக்காது.

இனி உங்கள் மகனின் கணக்கு. பையன் சிவில் படித்தவன், ஆனாலும் ரோட்டையும் பூங்காவையும் சேர்த்து விற்றுவிட்டான். 4 ஏக்கரில் உட்சாலைகளுக்குக் கால் பங்கு போனால் மிஞ்சுவது 1,30,680 சதுர அடி. அதில் 10 சதவீதம் பூங்காவுக்கான திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். விற்க முடிவது சுமார் 1,17,600 சதுர அடி. அடி 700 என்றால் 8.23 கோடி. 12 கோடியில் கிட்டத்தட்ட 4 கோடி இங்கேயே கரைந்துவிட்டது. இதற்கப்புறம் புரோக்கர் கமிஷன், கடன் வட்டி, வரி. அதோடு 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி மட்டும் போதாது, ரேராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு வேண்டும். மனை வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதை அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் வேலைக்கும் மட்டுமே எடுக்கலாம். முதல் மனை விற்ற காசில் கடனை அடைத்துவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

வரியில் உங்கள் ஊருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் விவசாய நிலம், மூலதனச் சொத்தே அல்ல. விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. தூரம் ரோட்டு வழியாக அல்ல, நேர்க்கோட்டில். உங்கள் 5 கி.மீ. வளைந்து வளைந்து வரும் 5 கி.மீ. என்றால் அளந்து பார்க்க வேண்டும். தாசில்தாரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) மாமரம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே வந்துவிட்டால் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதம், எது குறைவோ அது. 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியே ஏக்கர் 80 லட்சத்துக்குக் கொடுத்தால் 3.20 கோடி, 2 கி.மீ.க்கு வெளியே என்றால் வரியில்லாமல். நாமே மனை பிரித்தால் அது வியாபாரம். நிலத்தின் அன்றைய மதிப்புக்கு மேல் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும். அந்த ‘அன்றைய மதிப்பை’ மனையாக மாற்றும் நாளிலேயே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்காவிட்டால் பிறகு வாதாட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. என் கணக்குக்கு எல்லாம் போக 5 கோடிக்குக் கொஞ்சம் மேலே கையில் நிற்கலாம், மூன்று வருஷத்தில் எல்லா மனையும் விற்றால். விற்காவிட்டால்? அடமானத்தில் இருப்பது தோப்பு. அதிலும் தாத்தா பெயரில் பட்டா இருக்கும் நிலத்துக்கு வங்கி கடன் தராது. தருகிறவர் யார், எந்த வட்டிக்கு என்று உங்கள் ஊரில் உங்களுக்கே தெரியும்.

அதனால் என் ஓட்டு புரமோட்டரோடு கூட்டுக்கு. 55 சதவீதம் என்றால் சுமார் 64,700 சதுர அடி மனை, இன்றைய விலையில் 4.5 கோடி, வரிக்கு முன்பு. கடன் இல்லை. தனிநபர்கள் பதிவு செய்த கூட்டு ஒப்பந்தம் போட்டால், மூலதன ஆதாய வரி பொருந்தும் இடத்தில்கூட அது கையெழுத்தான வருஷத்தில் வராது, நிறைவுச் சான்று வரும் வருஷத்தில்தான் வரும். அதற்குள் உங்கள் பங்கை விற்றால் இந்தச் சலுகை போய்விடும். இரண்டு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தெந்த மனை எண் உங்களுடையது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம் அவருடைய பங்கு மனைகளை விற்க மட்டும், அடமானம் வைக்கும் அதிகாரம் அதில் கூடாது. மகன் தினமும் சைட்டில் நிற்கட்டும். அடுத்த லேஅவுட்டை அவன் தனியாகப் போடட்டும், மண்டிக் கணக்கோடு ஒட்டாமல் வேறு நிறுவனமாக.

அப்புறம், தம்பி வாங்கிய 6 லட்சம். இது இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. ரேரா பதிவுக்கு முன்பு மனைக்கு முன்பதிவு செய்ததும் தனித் தப்பு. ஆறு பேரையும் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி தம்பியிடம் சொல்லுங்கள். ரொக்கமாகத்தானே வாங்கினோம் என்று ரொக்கமாகவே திருப்பிவிடப் போகிறார். அதற்கும் அதே 20,000 தடை உண்டு. அவரவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, ரசீதைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள்.