குறைமாதக் குழந்தைக்கு மயக்க மருந்து: மூளையைப் பாதிக்குமா?

கேள்வி: என் மகன் 29 வாரத்தில் பிறந்தவன். பிறந்து 10 வாரங்கள் ஆகின்றன. இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறான். அழும்போது தொடை இடுக்கில் வீக்கம் வருகிறது. குடலிறக்கம், அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். மயக்க மருந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தள்ளிப்போடலாமா?

பதில்: நீங்கள் படித்தது பொய்யல்ல, பாதிக்கதை. பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்கு ஆறு மணி நேரம் மயக்க மருந்து கொடுத்தபோது மூளைச் செல்கள் மடிந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பயம் பெருகியது அதற்குப் பிறகுதான். 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடுத்த எச்சரிக்கையும், மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்தைத் தாண்டும் மயக்கத்தையும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தையும் பற்றியதே. உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் ஒரு முறை, ஒரு மணி நேரம் போதும்.

இதே குடலிறக்கத்துக்காக ஏழு நாடுகளில் 722 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு முழு மயக்கம். மற்றதற்கு விழித்திருக்கும்போதே முதுகில் மரத்துப்போகும் ஊசி. பாதிக்கு மேற்பட்டோர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். ஐந்து வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகள் பின்னாளில் கற்றலில் பின்தங்குவதுண்டே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர்களில் பலர் குடல் அழுகலோ கிருமித்தொற்றோ வந்து ஏற்கெனவே துவண்டவர்கள். பழியை மருந்தின் மேல் மட்டும் போட முடியாது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக அறுவை அரங்கில் என் கவலையும் வேறு. விரலகலப் பட்டையில் தெரியும் இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல்சூடு. செயற்கைச் சுவாசத்தைக் கொஞ்சம் வேகமாகக் கொடுத்துவிட்டால்கூடக் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். அதனால், பச்சிளங்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மருந்தைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வலியைத் தாங்க வைப்பதும் அந்த உடம்புக்குக் கேடுதான்.

இனி, தள்ளிப்போடுவது. கருவிலிருந்த வாரங்களோடு பிறந்தபின் ஆன வாரங்களைக் கூட்டுங்கள்: 29ம் 10ம் 39. மருத்துவமனையை விட்டுப் போகும் முன்பே அறுவை செய்த குறைமாதக் குழந்தைகளில் 28 சதவீதத்தினருக்கும், இந்தக் கணக்கு 55ஐத் தாண்டும்வரை காத்திருந்தவர்களில் 18 சதவீதத்தினருக்கும் கடுமையான சிக்கல்கள் வந்ததாக 2024இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆகவே காத்திருப்பது நியாயமான யோசனைதான். உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள். இப்போதே செய்வதானால், அன்றிரவு முழுக்க மானிட்டரில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். இதே கணக்கில் 60 வாரம் ஆகாத குழந்தைக்கு மயக்கத்துக்குப் பிறகு மூச்சு திடீரென நின்று நின்று வரக்கூடும்.

வீட்டுக்குப் போய்க் காத்திருக்கும் நாள்களில் ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் வீக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்து, அழுகை ஓய்ந்ததும் உள்ளே போனால் பயமில்லை. கல்லாக இறுகி உள்ளே போகாமல் நின்றாலோ, மேல்தோல் சிவந்தாலோ, குழந்தை வாந்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.