கணவன் இறந்தும் அழாத நாயகி: 'பக்லைட்' துக்கத்தைக் கொச்சைப்படுத்தும் படமா?

இல்லை. இப்படிக் கேட்பவர் நீங்கள் மட்டுமல்ல. என் பெரியம்மா "இவளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா?" என்று பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டார். எனக்கோ என்னையே திரையில் பார்த்தது போலிருந்தது.

பார்க்காதவர்களுக்காக: உமேஷ் பிஸ்ட் இயக்கி, 2021 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்திப் படம். திருமணமான ஐந்தாவது மாதத்தில் ஆஸ்திக் இறந்துவிடுகிறான். லக்னோவில் அவனுடைய வீடு, பதின்மூன்று நாள் காரியம், வந்து குவியும் உறவினர்கள். வீடே அழுதுகொண்டிருக்க, அவன் மனைவி சந்தியா (சான்யா மல்ஹோத்ரா) ஃபேஸ்புக்கில் வந்த இரங்கல் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீ வேண்டுமா என்று கேட்டால் பெப்சி கேட்கிறாள். பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது இந்த இடத்தில்தான்.

அப்பா இறந்த அன்று மதியம் எனக்குக் கடுமையாகப் பசித்தது. கூடத்தில் ஐஸ் பெட்டி, அதைச் சுற்றிப் பெண்கள். அத்தைகள் மாற்றி மாற்றி என்னைக் கட்டிப்பிடித்து "அழுதுவிடடி, மனதில் அடக்கி வைக்காதே" என்றார்கள். அடக்கி வைக்க என்னிடம் எதுவுமே இருக்கவில்லை. பின்கட்டுக்குப் போய், மாலைகளோடு வந்திருந்த வாழைப்பழச் சீப்பிலிருந்து மூன்று பழங்களைப் பிய்த்து, கதவுக்குப் பின்னால் நின்று தின்றேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் தோலைக்கூடக் கையில் மடக்கி வைத்திருந்தேன். பல வருடங்கள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

சந்தியா கல் நெஞ்சக்காரி அல்ல. சிறு வயதில் வளர்த்த பூனை செத்தபோது துடித்துப்போனதை அவளே தோழி நாசியாவிடம் சொல்கிறாள். பூனையை அவளுக்குத் தெரியும், கணவனைத் தெரியாது. படத்தின் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன். ஆஸ்திக்கின் பொருட்களுக்கு நடுவே இன்னொரு பெண்ணின் புகைப்படம் கிடைக்கிறது. அவள் அவனோடு வேலை பார்த்த ஆகாங்க்ஷா (சயானி குப்தா). சண்டை வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். கோபமும் வருகிறதுதான், ஆனால் சந்தியா அவளைத் தேடிப்போய், ஆஸ்திக் எப்படிப்பட்டவன் என்று கேட்கிறாள். தாலி கட்டியவனைப் பற்றி அவனை நேசித்தவளிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறாள். அந்தக் காட்சியை நான் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. சந்தியாவின் பெயரில் ஐம்பது லட்சம் காப்பீட்டுப் பணம் இருப்பது தெரிந்ததும் உறவினர்கள் நிறம் மாறுவது கொஞ்சம் அவசரமாக நடந்துவிடுகிறது. நாசியா முஸ்லிம் என்பதால் அந்த வீட்டார் காட்டும் ஒதுக்கத்தையும் படம் தொட்டதோடு விட்டுவிடுகிறது. ஆனால் அழாதவளின் பக்கம் நிற்பதற்காக அழுகிறவர்களை அது கேலிப் பொருளாக்கவில்லை. மகனைப் பறிகொடுத்தவர்களாக வரும் அஷுதோஷ் ராணாவையும் ஷீபா சட்டாவையும் பாருங்கள். கொச்சைப்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டு அவர்கள் முகத்துக்கு முன்னால் நிற்காது.

நான் அழுதது பதினாறாம் நாள். அப்பாவுக்குப் பிடித்தது என்று படையலில் தயிர் சாதம் வைத்திருந்தோம். இருபது வருடங்களாக அம்மா கட்டிக்கொடுத்ததும் அதுதான், டப்பா காலியாகத்தான் திரும்பி வரும். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார். இலையைப் பார்த்தவர் சற்றுத் தயங்கிவிட்டு, "சாருக்குத் தயிர் வாடையே ஆகாதே. தினமும் என் டப்பாவிலிருக்கும் எலுமிச்சை சாதத்தை வாங்கிக்கொண்டு, தன் தயிர் சாதத்தை எனக்குத் தந்துவிடுவார்" என்றார். அம்மாவிடம் அப்பா ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து அதே தயிர் சாதத்தைச் சாப்பிட்டிருக்கிறார்.

அம்மா இலையையே வெறித்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை அழுகை வந்ததோ, அந்த மனிதர் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று பதறி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அடுத்த வருடத் திதிக்கு அம்மா யாரையும் கேட்காமல் எலுமிச்சை சாதம் கிளறினார்.