பெங்காட் பிசாங் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, கிள்ளானில் இருக்கிறேன். சில வருடங்களாகச் சர்க்கரை, மாத்திரை எடுக்கிறேன். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 3.8 mmol/L. நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) அடிக்கடி பெங்காட் பிசாங் (வாழைப்பழத்தைத் தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டு வேகவைக்கும் மலாய் இனிப்பு) கொடுத்தனுப்புவார். “வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும்தானே, தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது, குலா மலாக்காவும் சீனி மாதிரி இல்லை” என்கிறார். சாப்பிடலாமா டாக்டர்?

பதில்: தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. ஆனால் நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு உடலே தயாரிப்பது. நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால், எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வேலையில் கல்லீரல் மந்தமாகிவிடும். 100 கிராம் கெட்டித் தேங்காய்ப்பாலில் சுமார் 21 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே ஏறக்குறைய 22 கிராம்தான். மீன் கறி, ரெண்டாங்கில் போகிற தேங்காய்ப்பால் தனிக்கணக்கு. சர்க்கரையும் இருக்கும் உங்களுக்கு எல்டிஎல் 2.6-க்குக் கீழேயாவது இருக்க வேண்டும்.

குலா மலாக்கா தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம். அந்த மணத்துக்கு நானும் அடிமைதான்! ஆனாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. சவ்வரிசியும் போட்டிருந்தால், அது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து.

கிண்ணத்தில் உருப்படியானது வாழைப்பழம்தான். நடுத்தரப் பழம் ஒன்றில் சுமார் 3 கிராம் நார்ச்சத்து, 420 மில்லிகிராம் பொட்டாசியம். (சிறுநீரகம் பாதித்திருந்தால் அந்தப் பொட்டாசியமே தொந்தரவு. கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்து நாளாகியிருந்தால் பார்த்துவிடுங்கள்.)

அதனால், மக்சிக் கொடுப்பதை மறுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், பழத்துண்டுகள் நான்கைந்தை மட்டும் கரண்டியில் வடித்து எடுத்துச் சாப்பிடுங்கள். பாலைக் குடிக்காதீர்கள். அந்த வேளை சோற்றைப் பாதியாகக் குறையுங்கள். நீங்களே செய்தால் இரண்டாம் பாலில் வேகவையுங்கள். வாசனைக்குப் போடும் பாண்டான் இலை ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் வெல்லத்தைக் குறைத்தது அவ்வளவாகத் தெரியாது. பழமும் கறுக்கக் கனிந்ததாக வேண்டாம், காயும் கனியுமான பிசாங் நங்கா வாழை போதும்.

இனிப்பு சாப்பிட்டோமே என்று மாத்திரையைக் கூட்டிப் போடாதீர்கள். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். 10 mmol/L-க்கு மேல் காட்டினால், அடுத்த முறை துண்டுகளில் பாதியைக் குறையுங்கள். குறைத்தும் அப்படியே இருந்தால், அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.