பாலை விட்டவர் விடக்கூடாத மாத்திரை

கேள்வி: எனக்கு 31 வயது, எடை 55 கிலோ. ஈரோட்டில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். விலங்குகள் மேல் உள்ள பிரியத்தால் ஒன்றரை வருடத்துக்கு முன்பு கறி, மீன், முட்டையோடு பால், தயிரையும் விட்டுவிட்டேன். முடிவை மாற்ற விருப்பமில்லை. நாலு மாதமாக ஒரே சோர்வு, முடி கொட்டுகிறது, இரவில் இரண்டு பாதமும் மதமதவென்று இருக்கின்றன. ரத்த அளவு 12.2 இருப்பதால் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். எங்கள் தெருவில் உள்ள நியூட்ரிஷன் கிளப்பில் கையில் ஒரு கருவியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, புரதம் குறைவு என்று புரோட்டீன் பவுடரும் ஸ்பைருலினா என்ற பாசியும் கொடுத்தார்கள். மாதம் 6,800 ரூபாய் வீதம் மூன்று மாதம் வாங்கிவிட்டேன். மாமியார் ஆட்டு ஈரல் சாப்பிடு என்கிறார். பழைய சோற்றிலேயே பி12 வைட்டமின் இருக்கிறது என்கிறாள் தோழி. வாயுத் தொல்லைக்காக நாலு வருடமாகக் காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன், வேறு மருந்து இல்லை. நான் என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: முதலில் பாதத்தைப் பார்ப்போம். சாப்பாடு அப்புறம்.

சோர்வும் முடி கொட்டுவதும் நூறு காரணங்களால் வரும். ஆனால் பாலையும் முட்டையையும் விட்ட ஒருவருக்குப் பாதம் மதமதத்தால், நரம்புக்கு வேண்டிய பி12 அளவைப் பார்க்காமல் மேலே பேசக்கூடாது. இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். பி12-உடன் சர்க்கரை, தைராய்டு, ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பி12 மாத்திரை எதையும் அதற்கு முன்னால் போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால் அளவு ஏறிக் காட்டும், பழைய நிலைமை தெரியாமலே போகும். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். 200-க்கும் 300-க்கும் நடுவில் இருந்தால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே அச்சாகி வரும். மதமதப்பு இருக்கிறவர் அதை நம்பித் திரும்பி வந்துவிடக் கூடாது.

ரத்த அளவு 12.2 என்பதால் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள் அல்லவா, இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பி12 குறைந்தால் ரத்தசோகை வரவேண்டும் என்று படித்திருக்கிறோம். கீரையும் பருப்பும் நிறைய சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். அது பி12 செய்ய வேண்டிய ரத்த வேலையில் பாதியைத் தூக்கிச் சுமந்துவிடும். நரம்பு வேலையை மட்டும் அதனால் செய்ய முடியாது. அதனால் ரத்தம் நன்றாக இருப்பது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் கொடுக்கிற நீல மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான் இருக்கின்றன, பி12 இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றிப் பேச ஓர் உணவியல் ஆள் கிடையாது. பாதி ஊர் சோகையோடு நடமாடும் நாட்டில் இதைக்கூடச் செய்யாமல் இருக்கிறோம். ஆள் இல்லாத அந்த இடத்தில்தான் பவுடர் விற்கிறவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

சரி, பி12 எங்கிருந்து வருகிறது? செடியும் செய்வதில்லை, மிருகமும் செய்வதில்லை. பாக்டீரியாதான் செய்கிறது. ஆட்டின், மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற பாக்டீரியா செய்து கொடுப்பது பாலுக்கும் ஈரலுக்கும் போய்ச் சேர்கிறது. நம் பெருங்குடலிலும் அந்தக் கிருமிகள் உண்டு. ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடம் அதற்கு முன்னாலேயே, சிறுகுடலின் கடைசியில் முடிந்துபோகிறது. கீழே தயாராவது நமக்கு உதவாது.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது, அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈரலைக் கொடுத்து ஒருவகைக் கொடிய சோகையைக் குணப்படுத்தியதற்காகவே 1934-இல் மூன்று மருத்துவர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஈரலில் வேலை செய்த அந்தப் பொருளை 1948-இல் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி12. இன்று தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். ஈரலில் உள்ளது மாத்திரையில் இருக்கிறது, அதற்காக ஆட்டைத் தொட வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

தோழி சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். புளித்த மாவிலும் நீராகாரத்திலும் சில கிருமிகள் துளி பி12 செய்யலாம், செய்யாமலும் போகலாம். ஒரு வீட்டுப் பானையில் இருப்பது அடுத்த வீட்டுப் பானையில் இருக்காது. நரம்பை அதன் பொறுப்பில் விட முடியாது. ஸ்பைருலினா இதைவிட மோசம். அதில் பெரும்பாலும் இருப்பது பி12 போலவே தோற்றமுள்ள, மனித உடம்புக்கு உதவாத ஒரு போலி. டப்பாவில் ‘பி12 நிறைந்தது’ என்று எழுதி விற்கிறார்கள். இன்றோடு நிறுத்துங்கள்.

ரேஷன் அரிசியில் வெளிர் நிறத்தில் தனியாகத் தெரியும் மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறார்களே, அது பிளாஸ்டிக் இல்லை. இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு பி12-உம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. நூறு மணிக்கு ஒரு மணி வீதம் கலந்து கொடுத்து வந்தார்கள். உங்கள் அரிசியில் இருந்தால் எறியாதீர்கள். ஆனால் ஒரு கிலோவில் இருக்கும் பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம்தான். நீங்கள் ஒரு நாளில் 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 0.3 வரும். தேவை 2.2. அதனால் மாத்திரை வேண்டும், ஆயுள் முழுக்க வேண்டும்.

எவ்வளவு? குறைவு இல்லாத ஒருவர் பாலையும் விட்ட முழு சைவத்துக்கு மாறினால் தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒரு நாள் 2,000 மைக்ரோகிராம் போதும். வாரக் கணக்கு பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரே வேளையில் நிறையப் போட்டால் உடம்பு நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். ஆனால் உங்களுக்கு மதமதப்பு இருப்பதால் இந்தக் கணக்கு இப்போதைக்குப் பொருந்தாது. அளவு குறைந்திருந்தால் முதல் சில வாரங்களுக்கு ஊசி போட வேண்டியிருக்கும். அதை நரம்பியல் அல்லது பொது மருத்துவர் முடிவு செய்யட்டும். அங்கே ஒன்றைக் கவனியுங்கள். மெத்தில்கோபாலமின் என்ற பி12-உடன் பிரீகபாலினும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பது சகஜமாகிவிட்டது. பிரீகபாலின் மதமதப்பை மழுங்கடிக்கும், தூக்கமும் வரும், குறைவைத் தீர்க்காது. எழுதிக் கொடுத்தால் எதற்காக என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கடையில் வாங்கும்போது மாத்திரையாகக் கேளுங்கள், கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின். சில மாத்திரைகளில் பால் சர்க்கரை கலந்திருக்கும். அது இல்லாத பிராண்டைத் தேடிக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம், நரம்பு காத்திருக்காது.

இப்போது அந்த வாயு மாத்திரைக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும். நன்றாக இருந்த இருப்பு பாலை விட்ட ஒன்றரை வருடத்தில் காலியாவது அபூர்வம். அப்படியென்றால் விடும்போதே இருப்பு குறைவாக இருந்திருக்க வேண்டும். பாலிலும் கறியிலும் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரித்தெடுப்பது வயிற்று அமிலம். பான்டோபிரசோல், ஒமெபிரசோல், ராபெப்ரசோல் வகை மாத்திரைகள் அந்த அமிலத்தை அடக்கிவிடுகின்றன. உங்களுடையது இந்த வகையா என்று அட்டையின் பின்பக்கம் பாருங்கள். அதுவானால், பால் குடித்த காலத்திலேயே உங்களுக்குக் குறைவாகத்தான் சேர்ந்திருக்கும். இரும்பும் அப்படியே, அமிலம் இல்லாமல் சரியாக ஏறாது. நல்ல செய்தி, மாத்திரையில் வரும் பி12 எதனோடும் ஒட்டாமல் தனியாக இருப்பதால் அது ஏறிவிடும். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே வாயு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாலு வருடம் போட்டதைத் திடீரென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்செரிச்சல் படுத்தும், பயந்து மறுபடி தொடங்கிவிடுவீர்கள். அளவைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவரிடம் திட்டம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரையை நாலு வருடம் போடுகிறவர்கள் என்னிடம் தினமும் வருகிறார்கள். சீட்டே இல்லாமல் கடையில் கிடைக்கிறது, யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கும் பி12 குறையும். வீட்டில் யாராவது இருந்தால் அவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

புரோட்டீன் பவுடருக்கு வருவோம். கையில் பிடித்தால் உடம்பில் உள்ள புரதத்தையும் வைட்டமினையும் சொல்லும் கருவி எதுவும் உலகத்தில் கிடையாது. கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போடுகிறவரிடமும் கிடையாது. எல்லோருக்கும் ஏதாவது குறைவு என்றே அது சொல்லும், ஏனென்றால் குறைவு இருந்தால்தான் டப்பா விற்கும். உங்கள் டப்பாவை எடுத்து உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். ‘வே’ என்றோ ‘கேசினேட்’ என்றோ இருந்தால் அது பாலிலிருந்து எடுத்த புரதம். பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நம்பாதீர்கள், பச்சைப் புள்ளி பாலையும் தேனையும் அனுமதிக்கும். பால் இல்லாத பொருளுக்கு இலையோடு கூடிய பச்சை ‘வி’ முத்திரை தனியாக உண்டு. பாலை விட்ட ஒருவருக்கு மூன்று மாதம் பாலையே விற்றிருந்தால் அதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். 2024-இல் வந்த தேசிய உணவு வழிகாட்டியும் உடம்பை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது.

கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் உங்களுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் வேண்டும். அரிசி, இட்லி, சப்பாத்தி என்று 250 கிராம் தானியத்திலேயே 18-க்கு மேல் வந்துவிடும். இரண்டு கைப்பிடிப் பருப்போ பயறோ கொள்ளோ 13, ஒரு கைப்பிடி நிலக்கடலை 7, கால் கப் மீல் மேக்கர் 12. இதோ 50 ஆகிவிட்டது. சிக்கல் எங்கே என்றால் நம் சாம்பார் தண்ணீர். பருப்பு அடியில் நிற்கும், மேலே உள்ளதை ஊற்றிக்கொண்டு பருப்பு சாப்பிட்டதாக நினைப்போம். கூட்டு, சுண்டல், பாசிப்பயறு கடைசல், பொட்டுக்கடலைத் துவையல் என்று மெல்லுகிற மாதிரி சாப்பிடுங்கள்.

இரும்புக்குச் சுண்டலிலும் கீரையிலும் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகும் தோல் நீக்காத எள்ளும். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. தேங்காய்ப்பால் பாலுக்கு ஈடல்ல, அதில் கால்சியமும் இல்லை, சொல்லும்படி புரதமும் இல்லை. இந்துப்புக்கு மாறியிருந்தால் அயோடின் உப்புக்குத் திரும்புங்கள். மீனையும் பாலையும் விட்ட பிறகு அயோடினுக்கு உங்களுக்கு இருப்பது அந்த உப்பு ஒன்றுதான்.

கறி சமைக்கும் வீட்டில் எப்படித் தொடர்வது? தனிச் சமையல் என்று ஆரம்பித்தவர்கள் பலர் மூன்றாவது மாதத்தில் களைத்துப்போய் ரசம் சோறும் சிப்ஸுமாக நின்றுவிடுகிறார்கள், உடம்பு கெடுவது அங்கிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை மசாலா வதங்கியதும் கறி சேர்ப்பதற்கு முன்னால் உங்கள் பங்கை வேறு சட்டியில் எடுத்துவிடுங்கள். அதில் மீல் மேக்கரோ காளானோ கருணைக்கிழங்கோ போட்டால் வேலை முடிந்தது. சனிக்கிழமை இரவே கொண்டைக்கடலை ஊறட்டும். கல்யாணப் பந்தியில் நெய்யோ மோரோ வாயில் பட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம், மறுவேளை உங்கள் வழக்கத்துக்குத் திரும்புங்கள்.

மீதிப் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள். டப்பா, பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் கொடுத்த ‘ஸ்கேன்’ காகிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பி12 ரிப்போர்ட் வந்ததும் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் ஆனதும் மறுபடி ஒரு முறை அளவு பாருங்கள். அதற்கு நடுவில் மதமதப்பு கணுக்காலுக்கு மேலே ஏறினாலோ, இருட்டில் நடக்கும்போது தடுமாறினாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.